லேப் தேர்வில் தப்பான இன்புட்டையும் கொடுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் சைபர் மோசடிச் செய்தி இல்லாத நாள் குறைவு. அந்தச் செய்திகளின் கடைசியில் வழக்கமாகச் சில அறிவுரைகள் இருக்கும்: ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். எல்லாம் தேவையானவைதான், என் அம்மாவுக்கும் இதையேதான் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் இவை எல்லாமே செயலியைப் பயன்படுத்துகிறவருக்கான அறிவுரைகள். அந்தச் செயலியை எழுதுகிறவருக்கு யார் சொல்வது? ஒருவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், அவருடைய பாஸ்வேர்டை வாங்கி வைத்திருக்கும் இணையதளம் அதை அப்படியே ஒரு டேபிளில் எழுதி வைத்திருந்தால் அந்த மனிதரால் என்ன செய்ய முடியும்?

எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் நம் கல்லூரிகளிலிருந்து வருகிற பிள்ளைகள். நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், புதிதாகச் சேருகிறவர்கள் எழுதும் ப்ரோகிராமைப் படித்துச் சரிபார்ப்பது, அதாவது ரிவ்யூ செய்வது, என் வேலையில் பெரும் பகுதி. சில கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் பார்க்கக் கூப்பிடுவார்கள், முடிந்தபோது போவேன். பார்த்ததை வைத்து ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பாதுகாப்பாக ப்ரோகிராம் எழுதுவதை மூன்றாம் ஆண்டில் தனிப் பாடமாக மட்டும் வைத்திருந்தால் போதாது. முதல் லேபிலேயே அது ஆரம்பிக்க வேண்டும், அதற்கென்று மார்க்கும் இருக்க வேண்டும். மார்க் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது, அதனால் அந்த மார்க்கைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

லேப் தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாணவர் கேள்விச் சீட்டை எடுப்பார், அல்காரிதமையும் ப்ரோகிராமையும் பேப்பரில் எழுதுவார், பிறகு கம்ப்யூட்டரில் அடிப்பார், எரர் எல்லாம் போய் ஒருவழியாக ஓடியதும் கையைத் தூக்குவார். எக்ஸ்டர்னல், அதாவது வேறு கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளர், பின்னால் வந்து நிற்பார். "அவுட்புட் வந்துடுச்சா, காட்டும்மா." பெயர் என்று கேட்கும் இடத்தில் ரவி என்று அடிப்பார்கள், மூன்று பாடத்துக்கு 80, 90, 70 என்று அடிப்பார்கள், மொத்தம் 240, சராசரி 80 என்று திரையில் வரும். டிக். அப்புறம் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் நாலு கேள்வி, முடிந்தது. பெயர் கேட்கும் இடத்தில் வெறும் என்டரைத் தட்டினால் என்ன ஆகும், மார்க் கேட்கும் இடத்தில் எழுத்தை அடித்தால் என்ன ஆகும், மைனஸ் 5 என்றோ 900 என்றோ கொடுத்தால் அதையும் சேர்த்துக் கூட்டிச் சராசரி போடுமா? யாரும் அடித்துப் பார்ப்பதில்லை. அடித்துப் பார்த்து ப்ரோகிராம் நின்றுவிட்டால் மார்க் போய்விடுமோ என்ற பயத்தில் மாணவரும் அந்தப் பக்கமே போவதில்லை.

நாலு வருடம் இப்படியே போகிறது. சரியானதைக் கொடுத்தால் சரியானது வர வேண்டும், அதுதான் சரியான ப்ரோகிராம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. ஆனால் வெளியே ஒரு சிஸ்டத்தை உடைக்க வருகிறவன் செய்வது அத்தனையும் நாம் எதிர்பார்க்காத ஒன்றை அந்தக் கட்டத்துக்குள் அடித்துப் பார்ப்பதுதான்.

சி மொழிப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். இன்னமும் சில லேப்களில் அந்த நீலத் திரை டர்போ சி ஓடிக்கொண்டிருக்கிறது. டாஸ் காலத்துக் கருவி அது, இன்றைய விண்டோஸில் நேரடியாக ஓடாது என்பதால் டாஸ்பாக்ஸ் போட்டு அதற்குள் ஓட்டுகிறார்கள். முதல் மாதத்திலேயே பெயரை வாங்கும் ப்ரோகிராம் ஒன்று வரும்: 20 இடம் உள்ள ஒரு கேரக்டர் அர்ரே (எழுத்துகளை வரிசையாக வைக்கும் இடம்), அதற்குள் கெட்ஸ் ஃபங்ஷனை வைத்துப் பெயரை வாங்கு. அந்த அர்ரேயில் எத்தனை இடம் இருக்கிறது என்று கெட்ஸுக்குத் தெரியாது. என்டர் வரும்வரை வருவதையெல்லாம் எழுதிக்கொண்டே போகும். இடம் தீர்ந்துவிட்டால் பக்கத்தில் மெமரியில் என்ன இருக்கிறதோ அதன் மேலேயே எழுதும். பக்கத்தில் இருப்பது இன்னொரு வேரியபிளாக இருக்கலாம், அந்த ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்ற முகவரியாகவும் இருக்கலாம். அந்த முகவரியின் மேல் தனக்கு வேண்டிய முகவரி விழுகிற மாதிரி அளந்து ஒருவன் இன்புட் கொடுத்துவிட்டால், ப்ரோகிராம் அவன் சொல்கிற இடத்துக்குப் போய் அவன் சொல்வதைச் செய்யும்.

இது நேற்று கண்டுபிடித்த சமாச்சாரம் இல்லை. 1988 நவம்பர் 2-ம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் வெளியே விட்ட புழு, அதாவது தானாகவே பரவும் ப்ரோகிராம், அன்றைய இணையத்தில் சுமார் 6,000 கம்ப்யூட்டர்களைப் பாதித்தது என்று அப்போது மதிப்பிட்டார்கள். அது உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் என்ற சேவையை நடத்திய ப்ரோகிராமில் இருந்த கெட்ஸ். 2011-ல் வந்த சி மொழித் தரத்தில் கெட்ஸை முழுவதுமாகவே நீக்கிவிட்டார்கள். லினக்ஸில் ஜிசிசி என்ற இலவச கம்பைலரை வைத்துக் கெட்ஸ் போட்ட ப்ரோகிராமை பில்டு செய்தால், இந்த ஃபங்ஷன் ஆபத்தானது, பயன்படுத்தக் கூடாது என்று அந்தக் கருவியே எச்சரிக்கும். டர்போ சி எதுவும் சொல்லாது, டாஸில் மெமரியைக் காக்க யாரும் இல்லாததால் ப்ரோகிராம் எங்கே வேண்டுமானாலும் எழுதும், பல நேரம் சரியாக ஓடியது போலவே தெரியும். மாணவருக்குத் தான் என்ன செய்தோம் என்று தெரிய வாய்ப்பே இல்லை.

நம்மூர் உதாரணம் ஒன்று சொல்கிறேன், இதை வகுப்பில் செய்துகாட்டினால் எந்த மாணவரும் மறக்க மாட்டார். முத்துக்குமாரசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 15, 16 எழுத்துதான் வரும், 20 இடத்துக்குள் வசதியாக உட்காரும். அதே பெயரைத் தமிழில் அடியுங்கள். கண்ணுக்குத் தெரிவது ஒன்பது எழுத்து, எனவே பாதி இடம்கூட நிறையாது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கம்ப்யூட்டர் எழுத்துகளை வைக்கும் யூனிகோடு முறையில் 'மு' என்பது ம-வும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு, 'த்' என்பது த-வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு, இப்படி எண்ணிக்கொண்டு போனால் மொத்தம் 17 வருகிறது, யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 51 பைட். 20 இடத்தில் 51 பைட்டைக் கொட்டினால் மிச்சம் எங்கே போகும்? தமிழ்ப் பெயரைத் தமிழில் அடித்ததற்கே ப்ரோகிராம் உடைகிறது, இதற்கு ஹேக்கர் யாரும் வரத் தேவையில்லை. கெட்ஸுக்குப் பதிலாக எஃப்கெட்ஸ் போட்டு இடத்தின் அளவையும் சொல்லிவிட்டால் அதற்கு மேல் எழுதாது. கடைசியில் அந்த என்டர் ஒட்டிக்கொண்டு வரும், அதை நீக்க இன்னும் ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான் கூடுதல் வேலை. ஸ்கேன்எஃப் என்ற இன்னொரு ஃபங்ஷனில் அளவு சொல்லாமல் பெயர் வாங்கும்போதும் இதே ஓட்டை இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.

அடுத்தது டேட்டாபேஸ் லேப். எனக்கு அதிகம் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் மேலே சொன்ன சி ப்ரோகிராமை வேலையில் எழுதப்போகிற மாணவர்கள் கொஞ்சம் பேர், டேட்டாபேஸைத் தொடாமல் வேலை பார்க்கப்போகிறவர் கிட்டத்தட்ட யாருமே இல்லை. லாகின் பக்கம் செய்யச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் செய்வது இதுதான்: செலக்ட் என்று ஆரம்பிக்கும் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளை கொடுக்கும் மொழி) வரியை ஒரு ஸ்ட்ரிங்காக எழுதி, யூசர் நேம் வர வேண்டிய இடத்தில் ஸ்ட்ரிங்கை முறித்து, ப்ளஸ் போட்டு, ஃபார்மில் வந்ததை அப்படியே ஒட்டி, மறுபடி ப்ளஸ் போட்டு மேற்கோளை மூடுவது. ஃபார்மில் வந்தது வெறும் பெயராக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அதில் ஒரு ஒற்றை மேற்கோள் குறி வந்துவிட்டால், பெயர் அங்கேயே முடிந்துவிட்டதாக டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் அதற்குக் கட்டளை. மேற்கோளை அடித்து, பின்னாலேயே "அல்லது 1 = 1" என்ற அர்த்தத்தில் எஸ்க்யூஎல் அடித்துவிட்டால் நிபந்தனை எப்போதும் உண்மையாகிவிடும், பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போய்விடலாம்.

ஒரு கல்லூரியில் ப்ராஜெக்ட் பார்க்கப் போனபோது, மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட் போடும் இணையதளம் ஒன்றைக் காட்டினார்கள். பார்க்க அழகாகச் செய்திருந்தார்கள், உழைத்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. நோயாளி பெயர் என்ற கட்டத்தில் டி'குரூஸ் என்று ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னேன், டி-க்குப் பிறகு வரும் அந்த அப்போஸ்ட்ரஃபியோடு. அடித்துச் சப்மிட் கொடுத்ததும் திரை முழுக்க எரர், டேபிள் பெயர், அந்த எஸ்க்யூஎல் வரி எல்லாம் வெளியே கொட்டியது. அதைச் செய்த மாணவி திகைத்துப்போய், "மேடம், அந்த மாதிரி பேரெல்லாம் யாரும் போட மாட்டாங்க" என்றாள். அந்தக் கல்லூரி இருப்பது தென்மாவட்டக் கடற்கரைப் பக்கம், டி'குரூஸ் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர். நான் அவளைக் குறை சொல்லவில்லை, நாலு வருடத்தில் யாருமே அவள் ப்ரோகிராமுக்கு அந்த மாதிரிப் பெயரைக் கொடுத்ததில்லை. என்ன நடந்தது என்று பத்து நிமிடம் உட்கார்ந்து சொன்னதும் அவளே கிடுகிடுவென்று ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, "இங்கயும் உடையும், இங்கயும்" என்று காட்ட ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பத்து நிமிடம் இரண்டாம் ஆண்டில் கிடைத்திருக்க வேண்டியது.

எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் என்ற இந்த ஓட்டையைப் பற்றி 1998 டிசம்பரிலேயே வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். இன்றைய மாணவர்கள் பிறப்பதற்கு முன்னால். 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்தின் டேட்டாபேஸுக்குள் இதே வழியில் நுழைந்தார்கள், உள்ளே 3.2 கோடிப் பேரின் பாஸ்வேர்டு எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பட்டியல் இன்றும் பாஸ்வேர்டை ஊகித்து உடைக்கிறவர்களின் கையில் இருக்கிறது. 2015-ல் பிரிட்டனின் டாக்டாக் தொலைபேசி நிறுவனத்தில் இதே ஓட்டை வழியாக சுமார் 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரம் போனது, மறு வருடம் 4 லட்சம் பவுண்ட் அபராதம் போட்டார்கள், அந்த வழக்கில் 17 வயதுப் பையன் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பெரிய மூளையோ பெரிய கருவியோ தேவைப்படாத தாக்குதல் இது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதைத் தடுக்கும் வழி கஷ்டமாக இருந்தால்கூட முதலில் சுலபமானதைச் சொல்லித்தருகிறோம் என்று சமாதானம் சொல்லலாம். உண்மை நேர்மாறு. பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, பெயரைத் தனியாக அனுப்பிவிட்டால் போதும். டேட்டாபேஸ் அதை வெறும் பெயராக மட்டுமே பார்க்கும், மேற்கோள் வந்தாலும் அது பெயரின் ஒரு பகுதிதான். இரட்டை மேற்கோளுக்குள் ஒற்றை மேற்கோள், அதற்குள் ப்ளஸ், மறுபடி ஒற்றை, மறுபடி இரட்டை என்று பிள்ளைகள் லேபில் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே, அந்தச் சிக்கலே கேள்விக்குறி முறையில் கிடையாது. நம் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்திலேயே பைத்தானையும் எஸ்க்யூஎல்லையும் இணைக்கும் பாடம் இருக்கிறது, அங்கேயே இதை முதல் முறையாகவும் ஒரே முறையாகவும் சொல்லித்தரலாம். தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகளுக்கு இன்னும் சுமை ஏற்றாதீர்கள் என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள், அவர்கள் அக்கறை எனக்குப் புரிகிறது, ஆனால் நான் கேட்பது எதையும் கூடுதலாக ஏற்றச் சொல்லி அல்ல, தப்பான முறைக்குப் பதில் சரியான முறையை முதலிலேயே வையுங்கள் என்றுதான். இரண்டு வருடம் பழகிய கையை வேலைக்கு வந்தபின் மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று ரிவ்யூ செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும்.

பாதுகாப்புக்குத்தான் தனிப் பாடம் இருக்கிறதே என்பார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் என்ற பாடத்திட்டத்தில் கிரிப்டோகிராஃபி அண்ட் சைபர் செக்யூரிட்டி என்று இருக்கிறது, நல்ல பாடம், இருக்க வேண்டிய பாடம். தகவலை மறைத்து அனுப்ப உதவும் ஆர்எஸ்ஏ கணக்கைக் கையால் போட்டு 13 மார்க் வாங்குகிறார்கள். அதே மாணவர் அதே வருடம் செய்யும் மினி ப்ராஜெக்ட்டைத் திறந்து பாருங்கள், டேபிளில் பாஸ்வேர்டு என்ற நெடுவரிசையில் பாஸ்வேர்டு அப்படியே கிடக்கும். பாடம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். இது நம் பிள்ளைகளிடம் மட்டும் உள்ள குறையும் இல்லை. ஜெர்மனியில் பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 20 கணினி மாணவர்களிடம் ஓர் இணையதளத்துக்குப் பதிவு செய்யும் பகுதியை எழுதச் சொன்னார்கள். பாதியளவு பேரிடம் பாஸ்வேர்டைப் பாதுகாப்பாக வை என்று சொன்னார்கள், மீதிப் பேரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லப்படாதவர்களில் ஒருவர்கூடப் பாதுகாப்பாக வைக்கவில்லை. கேட்டால்தான் செய்வார்கள், கேள்வித்தாளில் எழுதியிருந்தால்தான் செய்வார்கள் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். எனவே கேள்வித்தாளில் எழுதுவோம் என்கிறேன்.

இன்னொரு ஓட்டை மாணவர்களுக்கே நன்றாகத் தெரிந்தது. ஒரு பக்கத்தின் முகவரியில் கடைசியில் நம் நம்பர் இருக்கும், அதை ஒன்று கூட்டிப் போட்டால் அடுத்தவர் விவரம் திறந்துகொள்ளும். லாகின் செய்தது யார் என்று பார்த்த ப்ரோகிராம், கேட்கிற ஆவணம் அவருடையதுதானா என்று பார்க்க மறந்துவிட்டது. மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2021-ல் வெளியிட்ட பத்துப் பெரிய அபாயங்களின் பட்டியலில் முதல் இடம் இந்த வகைக்குத்தான். அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற நிறுவனத்தின் இணையதளத்தில் சொத்துப் பத்திரம், வங்கி விவரம் உட்பட சுமார் 88.5 கோடி ஆவணங்கள் இப்படி எண்ணை மாற்றினாலே பார்க்கக்கூடிய நிலையில் இருந்தது 2019-ல் வெளியே வந்தது. நம் நாட்டில் 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விட்டதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. அபராதம் கட்டப்போவது நிறுவனம், அந்த ஒரு வரியை எழுத மறந்தது முதல் வேலைக்கு வந்த 22 வயதுப் பிள்ளை.

சரி, என்ன செய்யலாம்? சிலபஸை மாற்றக் குழு போட்டு, அடுத்த ரெகுலேஷன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். லேப் தேர்வில் 100 மார்க்கில் 15 மார்க்கை எக்ஸ்டர்னல் கொடுக்கும் இன்புட்டுக்கு ஒதுக்குங்கள். மாணவர் தன் இன்புட்டைக் கொடுத்து அவுட்புட் காட்டியதும், எக்ஸ்டர்னல் தன் கையிலிருக்கும் சீட்டைப் பார்த்து நாலைந்து இன்புட் அடிக்கச் சொல்ல வேண்டும். சி லேப் என்றால் வெறும் என்டர், நீளமான பெயர், எண் இருக்கும் இடத்தில் எழுத்து, மைனஸ் எண். டேட்டாபேஸ் லேப் என்றால் டி'குரூஸ், அடுத்தவர் நம்பர், பிறகு பாஸ்வேர்டு டேபிளைத் திறந்து காட்டு என்று ஒரு வார்த்தை. ப்ரோகிராம் விழுந்துவிடாமல், உள்விவரத்தை வெளியே கொட்டாமல், "தவறான மதிப்பு, மறுபடி கொடுங்கள்" என்று சொன்னால் முழு மார்க். அந்தச் சீட்டைப் பல்கலைக்கழகம் பாடவாரியாகத் தயார் செய்து எல்லாக் கல்லூரிக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடலாம், ரகசியம் எதுவும் தேவையில்லை. மாணவர் அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான், ஏனென்றால் அந்தச் சீட்டுக்குத் தயாராக வேண்டுமானால் ப்ரோகிராமை ஒழுங்காக எழுதித்தான் ஆக வேண்டும்.

ரெக்கார்டு நோட்டிலும் அவுட்புட் பக்கத்துக்கு அடுத்து இன்னொரு பக்கம் வர வேண்டும்: எந்த இன்புட்டுக்கு என் ப்ரோகிராம் உடைந்தது, எப்படிச் சரிசெய்தேன். அமெரிக்காவில் டவ்சன் பல்கலைக்கழகத்தில் பிளேர் டெய்லர், சித்தார்த் கஜா இருவரும் இதே திசையில் வேலை செய்திருக்கிறார்கள், முதல் ப்ரோகிராமிங் பாடத்திலேயே சின்னச் சின்னப் பகுதிகளாகப் பாதுகாப்பைச் சேர்த்து, மாணவரே தன் கோடில் எங்கெல்லாம் இன்புட் வருகிறது, எங்கெல்லாம் அர்ரே இருக்கிறது என்று குறித்துச் சரிபார்க்கும் செக்லிஸ்ட் கொடுத்தார்கள். தனிப் பாடம் போடாமலே செய்ய முடிந்த வேலை அது.

ஆசிரியர்கள் மேல் எல்லாவற்றையும் போட நான் தயாராக இல்லை. ஒரு பேட்ச்சில் 30 பேர், இரண்டு மணி நேரம், பாதி நேரம் சிஸ்டம் ஆன் ஆகவில்லை என்பதிலேயே போய்விடுகிறது, இதற்கு நடுவில் அட்டெண்டன்ஸ், ஆடிட் ஃபைல், அட்மிஷன் வேலை என்று அவர்களைப் பிழிந்தெடுக்கிறார்கள். அவர்கள் படித்தபோதும் இது சொல்லித்தரப்படவில்லை. அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் 2019-ல் டேட்டாபேஸ் பாடநூல்களைப் பரிசோதித்தபோது, எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷனைப் பற்றிப் பேசாத நூல்களும் ஓட்டையோடேயே உதாரணம் தந்த நூல்களும் இருந்தன. புத்தகமே அப்படி என்றால் அதை வைத்து நடத்துகிறவரை என்ன சொல்வது? ஐஐடி மெட்ராஸின் செஸ்டர் ரெபைரோ நடத்திய பாதுகாப்பான சிஸ்டம்கள் பற்றிய பாடம் என்பிடிஈஎல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் இலவசமாக இருக்கிறது. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் வென்லியாங் டூ 2002-லிருந்து வளர்த்து வரும் சீடு லேப்ஸ் பயிற்சிகளும் இலவசம், ஒரு விர்ச்சுவல் மெஷினை இறக்கிக்கொண்டால் மேலே கெட்ஸில் பார்த்த ஓட்டையை, பஃபர் ஓவர்ஃப்ளோ என்பார்கள், வகுப்பிலேயே செய்துகாட்டலாம். ஆசிரியர்களுக்கு எஃப்டிபி என்று சான்றிதழுக்காக நடக்கும் பயிற்சி வாரங்களில் ஒன்றை இதற்குக் கொடுத்தால் போதும்.

கருவிகளுக்கும் காசு தேவையில்லை. டர்போ சியை எடுத்துவிட்டு ஜிசிசி போடுங்கள், எல்லா எச்சரிக்கைகளையும் காட்டு என்ற ஆப்ஷனையும் மெமரி எல்லை மீறலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் என்ற ஆப்ஷனையும் வரி எண்ணைக் காட்ட உதவும் டீபக் ஆப்ஷனையும் சேர்த்து கம்பைல் செய்யச் சொல்லுங்கள். 20 இடத்தில் 21-வது எழுத்து விழுந்தால் பெரும்பாலும் அங்கேயே ப்ரோகிராம் நிற்கும், எந்த ஃபைலில் எத்தனையாவது வரியில் எழுதியது என்று காட்டும். லேபில் 30 பேருக்கும் பக்கத்தில் போய் நிற்க முடியாத ஆசிரியருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மேட் பிஷப் என்ற பேராசிரியர் நடத்திய ஒன்றையும் நம் கல்லூரிகளில் செய்ய ஆசை எனக்கு. கிளினிக் மாதிரி. மாணவர் தன் ப்ரோகிராமை எடுத்துக்கொண்டு வருவார், பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே பலவீனம் என்று காட்டுவார், திருத்துவது மாணவரின் வேலை. நம் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவர்களில் சிடிஎஃப் என்ற ஹேக்கிங் போட்டிக்குப் போகிற நாலைந்து பேர் எப்படியும் இருப்பார்கள், அதில் ஒளித்துவைத்த விடையை, ஃபிளாக் என்பார்கள், ராத்திரி கண்விழித்துத் தேடுகிற பிள்ளைகள். அவர்களை வாரத்தில் ஒரு மதியம் உட்காரவைத்து ஜூனியர்களின் ப்ரோகிராமைப் பார்க்கச் சொல்லலாம். உடைக்கத் தெரிந்தவர்களின் திறமை ஒரு கிளப்புக்குள் அடைந்து கிடக்காமல் வகுப்பு முழுக்கப் பரவ அதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

இனிமேல் ஏஐதானே கோடு எழுதப்போகிறது, இதெல்லாம் எதற்கு என்று ஒரு கல்லூரி நிர்வாகி என்னிடமே கேட்டார். 2021-ல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிட்ஹப் கோபைலட் என்ற கோடு எழுதும் ஏஐ கருவிக்குப் பாதுகாப்பு சம்பந்தமான 89 சூழ்நிலைகளைக் கொடுத்து, அது எழுதித்தந்த 1,689 ப்ரோகிராம்களைச் சோதித்தார்கள், சுமார் 40 சதவீதத்தில் ஓட்டை. கருவிகள் அதற்குப் பிறகு நிறைய மாறியிருக்கின்றன, சரி. ஆனால் அது எழுதித்தருவதில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டுமே. இப்போது லேப் அசைன்மென்ட்டை ஏஐயிடம் கொடுத்து, வந்ததை அப்படியே ஒட்டி, அவுட்புட் வந்தால் மூடிவைத்துவிடுகிறார்கள். அவுட்புட்டுக்கு மட்டும் மார்க் என்பதால்தான் அது செல்லுபடியாகிறது. எக்ஸ்டர்னல் தன் இன்புட்டை அடிப்பார் என்று தெரிந்தால், யார் எழுதிய கோடாக இருந்தாலும் மாணவர் ஒருமுறையாவது வரிவரியாகப் படித்துப் பார்ப்பார்.

கடைசியாக எங்கள் பக்கத்துக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. கல்லூரிகள் பிளேஸ்மென்ட்டைப் பார்த்துத்தான் நடக்கின்றன, நிறுவனங்கள் எதைக் கேட்கின்றனவோ அதைத்தான் பயிற்சி கொடுப்பார்கள். நாங்கள் என்ன கேட்கிறோம்? ஆன்லைன் டெஸ்ட் வைக்கிறோம். அதில் ஒவ்வொரு கேள்வியின் கீழேயும் எண் 1-க்குக் குறையாது, ஒரு லட்சத்தைத் தாண்டாது, ஸ்ட்ரிங்கில் சின்ன எழுத்து மட்டும்தான் வரும் என்று நாங்களே உத்தரவாதம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். மாணவர் இன்புட்டைச் சரிபார்க்க வேண்டிய தேவையே இல்லாத ஓர் உலகத்தில் நூற்றுக்கணக்கான கணக்குகளைப் போட்டுப் பழகிவிட்டு எங்களிடம் வந்து சேர்கிறார், அப்புறம் ரிவ்யூவில் உட்கார்ந்து ஏன் சரிபார்க்கவில்லை என்று அவரைத் திட்டுகிறோம். கேம்பஸ் தேர்வு வைக்கும் நிறுவனங்கள் அந்த உத்தரவாத வரியை ஒரு கேள்வியிலாவது எடுத்துவிட வேண்டும். நேர்முகத்தில் இருபது வரிக் கோடு ஒன்றைக் கொடுத்து, இதை எப்படி உடைப்பாய் என்று கேட்க வேண்டும். இந்த சீசனில் பத்து நிறுவனங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டால், அடுத்த சீசனுக்குள் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் பயிற்சி வகுப்பில் அது வந்துவிடும். எங்கள் நிறுவனத்தில் இதைச் செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்ற நிறுவனத்துக்காரர்களும் ஹெச்ஆரிடம் பேசுங்கள், லேப் தேர்வுக்குப் போகும் எக்ஸ்டர்னல்கள் யாராவது படித்தால் அடுத்த முறை அந்த டி'குரூஸை அடித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் பொறியாளர்,
சென்னை.